ஓர் ஆளை வைத்து ஒரு முடிவு

பேராசிரியையைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் குறைவு. மதிக்கிறோம் என்பார்கள், அதைச் சொல்லும்போதே நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். துறையில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தராசு'. அன்பாக வைத்ததில்லை.

மனிதர்கள் எப்படி எடைபோடுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வது அவர் தொழில். அவருடைய முறை எளியது. கேட்ட கேள்வியையே, கேட்டது மறந்துபோன பிறகு மறுபடி கேட்பார். பதில் மாறியிருந்தால் குறித்துக்கொள்வார். பெரும்பாலும் மாறியிருக்கும்.

முதலில் பள்ளி ஆசிரியர்களிடம் போனார். அவர்கள் திருத்திய விடைத்தாள்களையே எண் மாற்றி, பிற தாள்களோடு கலந்து கொடுத்தார். தேறியவன் தோற்றான், தோற்றவன் தேறினான். அதன்பிறகு ஆசிரியர்கள் அவரை வாசலோடு நிறுத்தினார்கள். அடுத்து, வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் போய் உட்கார்ந்தார். வந்தவர் நாற்காலியில் அமரும் முன்பே முடிவு ஆகிவிடுகிறது, மீதி நேரம் அதற்குக் காரணம் தேடுவதில் கழிகிறது என்று எழுதினார். குழுக்களும் அழைப்பதை நிறுத்தின. பக்கத்து அறைக்காரர் தம் ஆய்வின் முடிவுகளைப் பார்த்த பிறகு வசதியாக ஆட்களின் பிரிவுகளை மாற்றிக்கொண்டதைக் கருத்தரங்கில் எழுந்து நின்று போட்டு உடைத்தார். சொன்னது சரிதான். சொன்ன விதத்தில் ஒரு ருசி இருந்தது.

வீட்டிலும் இதே கதை. ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று அண்ணியிடம் கேட்டார். சில மாதம் கழித்து மறுபடி கேட்டார்.

"நீலம்" என்றார் அண்ணி.

"போன தடவை பச்சைன்னீங்க."

"அன்னைக்குப் பச்சை பிடிச்சுது, இன்னைக்கு நீலம் பிடிக்குது. இதுக்கெல்லாமா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

அன்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணன். பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே பிரிவின் தலைவர். மனோதத்துவம் படிக்கப் போகிறேன் என்று தங்கை சொன்னபோது, "பைத்தியத்துக்கு நடுவுல உட்காரப் போறியா?" என்று குதித்த அப்பாவிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கிக் கொடுத்தவர். இப்போதும் அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

"என் டாக்டர் பசங்களைச் சோதிச்சுப் பாரேன். கொஞ்சம் தலைக்கனம் இறங்கட்டும்."

"உங்களையும் சேர்த்துத்தான் அண்ணா."

"சேர்த்துக்கோ. எனக்கென்ன பயம்?"

விளக்கணைத்த அறையில் ஏழு மருத்துவர்கள் திரைமுன் உட்கார்ந்து நெஞ்சுப் படங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா, சொல்வதில் எவ்வளவு நிச்சயம் என்று குறிக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே படங்கள் வேறு எண்களில் வந்தன. யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஏழு பேருமே தம் வார்த்தைக்குத் தாமே மாறாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அனுபவ ஆண்டுகளின் வரிசையில் அடுக்கியபோது கடைசி வரி தனித்துத் தெரிந்தது. அதிக முரண்பாடு, குறைந்த தயக்கம். அனுபவம் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, நிச்சயத்தை மட்டும் கூட்டுகிறது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர் பேராசிரியை. பெயர்களை எடுத்துவிட்டார். பெயர் போனால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்பினார்.

மருத்துவமனைக் கூட்ட அரங்கில் அந்த அட்டவணையைத் திரையில் போட்டார். 'முப்பது ஆண்டுகளுக்கு மேல்' என்ற வரி வந்ததும் அரங்கிலிருந்த தலைகள் ஒன்றாகத் திரும்பின. பின்வரிசையில் யாரோ, "பெருசு மாட்டிக்கிச்சு" என்றார்கள். சிரிப்பு பரவியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் மாலை தங்கையை வீட்டுக்கு வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"கட்டுரையில அந்த வரி வரக்கூடாது."

"முடிவைப் பார்த்துட்டு எடுத்தா அது மோசடி அண்ணா."

"அப்ப நான்?"

"உங்க பேரே அதுல இல்லையே."

அண்ணி இடைமறித்தார். "பேர் எதுக்கு? முப்பது வருஷமா அங்க கிடக்கிற ஆள் இவர் ஒருத்தர்தானே. நெத்தியில எழுதி ஒட்டாததுதான் குறை."

"என் பதவி நீட்டிப்பு டைரக்டர் மேசையில கிடக்கு" என்றார் அண்ணன். "இந்த லட்சணத்துல கையெழுத்துப் போடுவாரா அவர்?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஏண்டி, அந்த வரியில இருக்கிறது நான் ஒருத்தன். ஒரே ஒருத்தன். என்னை வச்சு அனுபவம்னா இப்படித்தான்னு ஊருக்கே எழுதுவியா? நானா அனுபவம்?"

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க."

அண்ணன் கதவைக் காட்டினார்.

பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது தம் பதிலைப் பற்றிப் பேராசிரியைக்குத் திருப்திதான். மறுநாள் அட்டவணையைத் திறந்தபோதுதான் உறுத்தியது. ஒருவனைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தையே எடைபோடாதீர்கள் என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்தக் கடைசி வரியில் இருந்தது ஒரே ஆள். அண்ணன் சற்று மறதிக்காரராக, சற்று முரட்டுத் தன்னம்பிக்கை உள்ளவராக இருக்கலாம். அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கும் தொடர்பு உண்டா என்று அந்த எண்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தாம் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை ஒரு மனிதர்மேல் எழுதிவிட்டிருந்தார்.

இதே வரி அந்நியர் ஒருவருடையதாக இருந்தால் நீக்குவேனா? தம் முறைப்படி இந்தக் கேள்வியைத் தமக்கே பல முறை கேட்டுக்கொண்டார். ஒரு நாள் ஆம் என்று வந்தது, இன்னொரு நாள் தெரியாது என்று வந்தது. கடைசியில், நீக்குபவரின் மனம் எப்படி இருந்தாலும் அனுபவம் பற்றிய அந்தக் கூற்று தவறுதான் என்ற இடத்துக்கு வந்தார். ஏழு பேரையும் ஒன்றாகச் சேர்த்தார். அனுபவ வரிசையில் அடுக்கியது தம் பிழை என்று கட்டுரையிலேயே எழுதினார்.

பக்கத்து அறைக்காரருக்குச் செய்தி எட்டியது. வாசலில் வந்து நின்றார்.

"முடிவைப் பார்த்த பிறகு பிரிவை மாத்தினீங்களாமே மேடம்?"

"ஆமா."

"நல்லது. கருத்தரங்கு எப்பன்னு சொல்லுங்க, எழுந்து நிக்கணும்."

பேராசிரியை மருத்துவமனை டைரக்டரைப் போய்ப் பார்த்தார். அவர் மரியாதையாக வரவேற்றார்.

"உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் தெளிஞ்சுது மேடம்."

"அந்த முடிவு தப்பு சார். ஒரு ஆளை வச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மத்த ஆறு பேரும்தான் மாத்திச் சொல்லியிருக்காங்க."

"உங்க மனசு புரியுது. அண்ணன் இல்லையா."

"அதுக்காகச் சொல்லல. அதே ஹால்ல, அதே ஆட்களை உட்கார வச்சு நான் திருத்திச் சொல்றேன்."

"எல்லாருக்கும் வேலை இருக்கு மேடம்."

நீட்டிப்பு கிடைக்கவில்லை. எக்ஸ்ரே பிரிவுக்கு வேறொருவர் வந்தார். பேராசிரியை அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி கதவை அரையளவே திறந்தார். உள்ளே சோபாவில் அண்ணன் இருந்தார்.

"கட்டுரையில திருத்திட்டேன் அண்ணா. என் தப்புன்னு எழுதிட்டேன்."

"அதை யார் படிப்பா?"

பேராசிரியை கட்டுரையின் நகலை நீட்டினார். அண்ணன் வாங்க எழவில்லை.

"எங்க சிரிச்சாங்களோ அங்க போய்ச் சொல்லு."

"கேட்டேன். ஹால் தர மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப கேன்டீன்ல சொல்லு. இந்த வீட்டுல வந்து சொல்லாத."

அண்ணி கதவைச் சாத்தினார்.

பேராசிரியையைப் புகழ ஒரு காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்: அவர் கேன்டீனுக்குப் போனார். மதிய உணவு நேரம். மேசை மேசையாக நின்றார். அன்று நான் சொன்னது தவறு, ஒருவரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, நீங்கள் ஒவ்வொருவரும் மாற்றித்தான் சொன்னீர்கள் என்று விளக்கினார். கடைசி வாக்கியம் யாருக்கும் பிடிக்கவில்லை. சிலர் ஃபோனை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மேசையில் பேச்சு நின்று, அவர் நகர்ந்ததும் சிரிப்பாகத் தொடர்ந்தது.

ஜன்னலோர மேசையில், சோதனையில் உட்கார்ந்த மருத்துவர்களில் ஒருவர் இருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணனுக்காகத்தானே மேடம் சொல்றீங்க?"

"அவருக்காகவும்தான். ஆனா சொல்றது உண்மை."

"அன்னைக்கும் இப்படித்தான் நிச்சயமாச் சொன்னீங்க" என்றார் அவர். தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். பேராசிரியை அடுத்த மேசைக்குப் போனார்.