910 கிலோமீட்டரும் பக்கத்து இருக்கைக்காரர் கையும்

காலை 5.10, போசரி. 10.20 மணி விமானத்துக்கு இப்போதே பையோடு தெருவில் நிற்கிறேன். வீட்டிலிருந்து புனே விமான நிலையம் பதினான்கு கிலோமீட்டர்தான். "காகா, நடந்து போயிருந்தாலும் சீக்கிரம்தான்" என்று மராத்தியில் சொன்ன ஆட்டோக்காரர் இருநூற்று எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஐம்பத்துமூன்று வயதுவரை நான் விமானம் ஏறியதில்லை. சென்னைக்கு எப்போதும் ரயில், இருபது மணி நேரம். மகள் கவிதாவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கும் ரயிலில்தான் இடம் பிடித்திருந்தேன். நேற்று மாலை போன் வந்தது.

"அப்பா, நாளைக்கே வெச்சுட்டாங்க. மதியம் மூணு மணி. வந்துடுவேல்ல?"

அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்கு ரயில் தாமதமாகி, கழற்றி மடித்துவைத்த அங்கியைத்தான் பார்த்தேன். மறுபடி அப்படி ஆகக் கூடாது. "வந்துடுவேன்" என்று வாய் சொல்லிவிட்டது. ரயிலை ரத்து செய்து விமானச் சீட்டு எடுத்தேன்.

10.20. இருபத்தாறு வருஷமாக லேத்தில் போல்ட் கடைகிறவனுக்கு ஜன்னல் இருக்கை கொடுக்கவே கூடாது. இறக்கையில் தெரிந்த திருகாணிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றில் விமானம் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

"ஏனுங்கண்ணா, அது என் கைங்க."

பக்கத்தில் கோயம்புத்தூர்க்கார அம்மா, புனேயில் வங்கி அதிகாரி. மன்னிப்புக் கேட்டேன். கையை விடவில்லை. எதற்குப் பயணம் என்று கேட்டார், சொன்னேன்.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்குவீங்க?"

அந்நேரம் விமானி அறிவித்தார்: தூரம் சுமார் 910 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம்.

"அவரே சொல்லிட்டாருங்க" என்றேன்.

"அப்ப இருங்க, வளையலக் கழட்டிக்கறேன்."

12.05, சென்னை. அவர் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "தைரியமா பதில் சொல்லச் சொல்லுங்க பொண்ணை. அப்பா மாதிரி வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3.00. கடைசி வரிசையில், போன வாரமே சென்னை வந்துவிட்ட மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். விமானக் கதையைக் கேட்டதும் அவள் தன் கைகளைப் பத்திரமாக மடிக்குள் வைத்துக்கொண்டாள். உலோகத் தேய்மானம் பற்றிக் கவிதா ஒரு மணி நேரம் பேசினாள். குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. நடுக்கத்தையெல்லாம் நானே காலையில் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது. தேய்ந்த மாதிரித் துண்டுகள் எங்கே கிடைத்தன என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

"போசரியில், எங்கப்பா லேத் ஷெட்டில், சார்."

இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

தேறிவிட்டாள். திரும்பிப் போகவும் விமானத்திலேயே டிக்கெட் போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

"பயமாப்பா?"

"பயமும்தான்."

ஆனால் டாக்டர் கவிதாவின் அப்பா நான் என்று ஒரு பெட்டியில் எழுபத்திரண்டு பேருக்கும் சொல்லி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் எப்படிப் போதும்? இதை ரயிலில்தான் எழுதுகிறேன். குண்டக்கல் தாண்டியாயிற்று. மேல் படுக்கைக்காரர் மட்டும் பாக்கி. தூங்குவதுபோல நடிக்கிறார். சோலாப்பூர் வரட்டும், டீக்கு எழுந்துதானே ஆக வேண்டும்.