அண்ணி போட்ட விலை

எங்கள் அண்ணி விலை போடுகிறவள். காய்கறிக்கோ துணிமணிக்கோ இல்லை. அண்ணனும் நானும் பாய்லரில் வேலை பார்க்கிற மின்நிலையத்துக்கு. நாளைக்கு எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம், என்ன விலைக்குத் தருவோம் என்று தினமும் நண்பகலுக்குள் மின்சந்தைக்கு அனுப்ப வேண்டும். அங்கே எல்லா நிலையங்களின் விலையையும் குறைந்ததிலிருந்து அடுக்குவார்கள். ஊருக்கு வேண்டிய மின்சாரம் எந்த இடத்தில் நிறைகிறதோ அதோடு சரி. அதற்கு மேல் விலை சொன்னவர்கள் பாய்லரை அணைத்துவிட்டுக் கொட்டாவி விடலாம்.

வீட்டில் அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"நாளைக்கு ஓடுமா?"

"சந்தையைப் போய்க் கேளுங்க" என்பாள் அண்ணி. போட்ட விலையை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் கட்டளை. அவளிடமிருந்து ஒரு எண்ணை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

நாங்கள் எரிப்பது நிலக்கரி. விடுகிற கரிப்புகைக்குக் கணக்காக உரிமம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அதைப் புகைச்சீட்டு என்போம். அந்த மாதம் அதன் விலை தலைதெறிக்க ஏறியது. நிலக்கரி, புகைச்சீட்டு, ஆறிக் கிடக்கிற பாய்லரைப் பற்றவைக்க ஆகும் எண்ணெய், எல்லாம் சேர்த்தால் எங்கள் விலை சந்தைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. தினமும் தோற்றோம். மாதக் கடைசிக்குள் ஒருமுறையாவது சந்தை எங்களை எடுக்காவிட்டால் நிலையத்தை மூடுவது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. அண்ணன் மாதிரி நிரந்தர ஆட்களுக்குக் கம்பெனியின் இன்னொரு நிலையத்தில் இடம் உண்டு. என் மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வாசல்தான் உண்டு.

சமையலறையில் அண்ணன் ஆரம்பித்தான்.

"புகைச்சீட்டு நமக்கு அரசாங்கம் சும்மா குடுத்ததுதானே? சும்மா வந்ததுக்கு எதுக்கு விலை போடுற?"

"சும்மா வந்த வீட்ட வாடகைக்கு விட்டா காசு வருதில்ல? நீங்களே குடியிருந்தா அந்த வாடகை போச்சு. சீட்டும் அப்படித்தான். எரிக்காம வித்தா அது காசு."

"சரி, பத்தவைக்கிற செலவையாவது விடேன்."

"பாய்லர் ஆறிக் கிடக்கு. இருக்கிற செலவ இல்லைன்னு என்னால எழுத முடியாது."

"இவன் மூஞ்சியப் பாத்துட்டு அதச் சொல்லு" என்று என்னைக் காட்டினான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன, காட்சிப் பொருளா?

அந்த மாதத்தின் கடைசி ஏல நாளன்று அவன் விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது என்னை உலுக்கி எழுப்பினான். "அண்ணிக்கு டிபன் பாக்ஸ் கொண்டுபோய்க் குடு. மதியம் வரைக்கும் அங்கேயே உட்காந்திரு." மறுபடியும் என் மூஞ்சியைக் காட்டி அவளைக் கரைக்கப் பார்க்கிறான் என்று திட்டிக்கொண்டேதான் போனேன்.

அண்ணியின் ஆபீஸ் நகரத்தில், மூன்றாவது மாடியில். நிலையம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. அவள் மேசையில் மூன்று திரைகள், பாதி குடித்த டீ, தூசி தட்டாத ஒரு செடி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர். கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது போன் அடித்தது. பாய்லர்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அண்ணன் கத்தியது எனக்கும் கேட்டது.

"பாய்லர் சூடா இருக்கு!"

"எப்படி?"

"வந்ததும் பத்தவெச்சுட்டேன்."

"யார் உத்தரவு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. பொய் விலை போடமாட்டேன்னு சொன்னியே, இப்ப பொய் இல்ல. எண்ணெய் எரிஞ்சாச்சு. இனிமே போட்டாலும் போடாட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. அதக் கழிச்சுட்டு விலைய அனுப்பு."

அண்ணி போனை வைத்தாள்.

அவன் சொன்னதில் கணக்கு தப்பில்லை. ஆனால் உத்தரவு இல்லாமல் பாய்லரைப் பற்றவைத்தால் வேலை போய்விடும், பேச்சே கிடையாது. அண்ணி நேற்றைய விலையையே அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தீயை அணைத்துவிட்டால் ராத்திரிக்குள் பாய்லர் ஆறிவிடும், எரிந்த எண்ணெயைப் பர்னர் சோதனை என்று எழுதிவிடலாம். நிலையம் மூடும், கான்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் வெளியே போவோம், அண்ணன் தப்பிப்பான். விலையைக் குறைத்தாலோ மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் குறைந்தது என்று கேட்பார்.

"அண்ணி, பழைய விலையே போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எனக்கு வேற வேலை கிடைக்காதா என்ன?"

"நீ பேசாம இரு. உன்னப் பாத்தும் விலை போடக்கூடாது, அவரப் பாத்தும் போடக்கூடாது. பாய்லர் சூடா இருக்கா, ஆறியிருக்கா? அவ்வளவுதான் கேள்வி."

சொல்லிவிட்டாளே தவிர, கை விசைப்பலகைமேல் வரவில்லை. டீயை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். திரையில் கெடு நேரம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அனுப்பிவிடு என்று ஒரு மனசு, அனுப்பாதே என்று ஒரு மனசு. பிறகு அவள் தட்ட ஆரம்பித்தாள். நிலக்கரி முழுதாக. புகைச்சீட்டு முழுதாக, ஒரு காசு குறைக்கவில்லை. பற்றவைக்கும் செலவு இருந்த இடத்தில் பூஜ்யம்.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார்.

"பாய்லர் சூடா? நான் உத்தரவு தரலையே. யார் பத்தவெச்சது?"

"என் வீட்டுக்காரர் சார்."

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். விலை போனது.

முடிவு வந்தபோது நாங்கள் மயிரிழையில் உள்ளே இருந்தோம். அடுக்கில் கடைசி ஆள் நாங்கள்தான், அதனால் அந்த மணிகளில் சந்தை முழுவதற்கும் எங்கள் விலையே விலை. ஆபீஸில் எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் அண்ணியைப் பாராட்டிவிட்டு, உள்ளே போய் அண்ணனின் வேலைநீக்க உத்தரவை அடிக்கச் சொன்னார்.

ஒருமுறை பற்றிய பாய்லருக்கு மறுநாள் பற்றவைக்கும் செலவு இல்லை. அதனால் அடுத்தடுத்த நாளும் எங்களை எடுத்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிறேன், அண்ணன் வீட்டில் இருக்கிறான். இரண்டு பேரும் எனக்காக முடிவெடுத்தார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அண்ணன் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நேற்றுச் சாப்பிடும்போது அண்ணி தானாகவே சொன்னாள்.

"நாளைக்கும் ஓடுது."

அண்ணன் ஜன்னல் வழியாகத் தெரிந்த நிலையத்துப் புகையைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ரெண்டாவது பர்னர் மக்கர் பண்ணும்டா. வால்வ மெதுவாத் திற."