அறுக்காமல் வைத்த கல்

அருங்காட்சியகத்தில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நட்சத்திரம் என்பார்கள். கடலடிச் சேற்றில் ஏதோ ஒரு காலத்துப் புழு, வளைக்குள் உடம்பை வைத்துக்கொண்டு சுற்றிலும் துழாவி இரை தேடினால் நட்சத்திரம் மாதிரி தடம் விழும். சேறு கல்லாகிவிடும், புழு மக்கிப் போய்விடும். அந்தத் தடங்களை இனம் பிரித்துப் பெயர் வைப்பதுதான் அவள் பிழைப்பு. "ஆளையே காணோம், அது தோண்டின பள்ளத்துக்குப் பேரா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அவளும் சிரித்து மழுப்புவாள்.

இந்த வேலையில் அவளுக்குக் கைகொடுத்தவன் தம்பி. லாரி ஓட்டுபவன், லீவு நாளில் அக்காவோடு கல்குவாரிக்கு வந்து கல்லைப் பெயர்த்துக் கொடுப்பான். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதும் இருவரும் குழியிலிருந்து மேலே ஏறிவிட்டார்கள். கடைசியாகப் புரட்டிப் போட்ட கல் அவள் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அதன் அடிமுகத்தில் குட்டையாக, தடித்த கைகளோடு ஒரு நட்சத்திரம்.

"இந்த மாதிரி எங்கேயுமே இல்லடா. புதுசு" என்றாள்.

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? இரு, எடுத்துட்டு வந்துடறேன்."

மறுபடி இறங்கி, கல்லை அவள் கையில் ஏற்றிக் கொடுத்தான். அவன் ஏறுவதற்குள் மண்சுவர் சரிந்துவிட்டது.

அந்தத் தடத்துக்கு அவன் பெயரையே வைத்தாள். பெயர் வைக்கும் முன் கல்லைக் குறுக்கே அறுத்து, தடம் உள்ளே எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. அவன் கடைசியாகத் தொட்ட கல்மேல் ரம்பம் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. யாரும் அழுத்திக் கேட்கவுமில்லை. தம்பியைப் பறிகொடுத்து நிற்பவளிடம் யார் கேட்பார்கள்?

அம்மா அந்தக் கல்லின் போட்டோவைக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள். குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரைக்கூட நிறுத்தி வைத்துக் காட்டுவாள். "என் புள்ள பேரு. நாமெல்லாம் போன பிறகும் இது இருக்கும்."

இந்த வருடம் ஈரம் ஏறிக் கல் விரிசல் விட்டது. அறுத்துப் பிரிக்காவிட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும். அவள் பக்கத்திலேயே நின்றாள். கல் அறுப்பவர் ரம்பத்தை நிறுத்தி, அறுத்த முகத்தைத் துடைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் குட்டைக் கைகள் கல்லுக்குள் மேலே போகப் போக மெலிந்து, நீண்டு, விரிந்துகொண்டே போயின. ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய நட்சத்திரம்; அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாகக் கிடப்பது. அவள் புதிது என்று நினைத்தது அதன் அடிப்பாகம். ஒரே வளைக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்திய பெயர்தான் நிற்கும். தம்பியின் பெயர் போய்விடும்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அறுப்பவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது எப்படியும் உதிர்ற கல்லு. இன்னொரு தடவை ரம்பத்தை விட்டா மாவாயிடும். பாவம், அவர் பேரு இருந்துட்டுப் போகட்டுமே."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அடுத்தவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் எத்தனையையோ தவறு என்று ஈவிரக்கமில்லாமல் அடித்துத் தள்ளியவள் அவள். "வேண்டாண்ணா. பத்திரமா எடுத்து வைங்க" என்றாள். தம்பியின் பெயர் செல்லாது என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். கண்டுபிடிக்கவா போகிறாள்? ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா போட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தாங்க முடியாமல் அழுதபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அம்மா கத்தித் தீர்த்துவிடுவாள் என்று நினைத்தாள். அம்மா துணியை மடித்து வைத்தாள்.

"பேரு போனாப் போகுது. புதுசுன்னு நீ சொன்னதாலதானே அவன் திரும்பி இறங்கினான்?"

"ஆமாம்மா."

"அப்ப, அது புதுசு இல்லையா?"

"இல்லம்மா. நம்மகிட்ட நிறைய இருக்கு."