மஞ்சுக்குள் ஒரு குரல்

பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொன்னார்கள். நெற்றியில் ஒரு மையைத் தடவிக்கொண்டால் ஆள் யார் கண்ணுக்கும் தெரியாதாம். மற்ற பிள்ளைகள் மிட்டாய்க் கடைக்குள் புகுந்துவிடலாம் என்றார்கள். எனக்கோ, டீச்சர் கேள்வி கேட்கும் நேரத்துக்கு மட்டும் அந்த மை இருந்தால் போதும் என்றிருந்தது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. கூச்சம் நிற்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை மலைமேல் கவுஞ்சி ஊர்ப் பக்கம் பூண்டுக் காட்டில் களை வெட்டப் போனேன். படிப்படியாக இறங்கும் காடு. மதியத்துக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவள் தெரியமாட்டாள். அதனால் மேல் படியில் இருப்பவள் "ஓய்" என்பாள். அடுத்தவள் வாங்கி "ஓய்" என்பாள். அப்படியே கீழே வரும். கடைசிப் படி என்னுடையது. நான் இருமுவேன். கேட்டதா என்று யாரும் விசாரித்ததில்லை.

ஒருநாள் மஞ்சு கனமாக இறங்கியது. எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஜீப் சீக்கிரமே வந்துவிட்டது. களைக்கொத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். மேலே டிரைவர் கேட்டது காதில் விழுந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சுண்ணே, வெரசா எடுங்க!"

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. வண்டி போய்விட்டது.

ரோட்டோரம் பிடித்து நடந்தேன். எதிரே வெளிச்சம் தெரியும்போதெல்லாம், என் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று நின்றேன். எல்லாம் வேறு வண்டிகள். வீட்டுக்கு வந்து என் பூட்டை நானே திறந்தேன். உள்ளே கேட்க ஆள் இல்லை.

மறுநாள் ஜீப்பில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள், "என்னக்கா, நேத்து வழிபூரா எம்மேலயே சாஞ்சு தூங்கிட்டு வந்தீங்க? தோளு மரத்துப்போச்சு" என்றாள்.

"நான் நடந்துல்ல வந்தேன்."

"ஏடி, அக்காவுக்குக் கேலி பண்ணக்கூட வருதுடி!" எல்லோரும் சிரித்தார்கள். "உங்க ஈர முந்தானை எங்கையில பட்டுக்கிட்டே கெடந்துச்சுக்கா."

கதையில் மை தடவினவன் மறைந்துதான் போவான். அவன் இடத்தில் வேறு யாரும் வந்து உட்காருவதில்லை. என் இடத்தில் உட்கார்ந்து போனது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த முறை மஞ்சு இறங்கியபோது மேலேயிருந்து குரல் படிப்படியாக வந்தது. என் முறை. "ஓய்!" என்று கத்தினேன்.

மேலேயிருந்து, ஜீப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் குரல் கேட்டது.

"யாருடி அது, புது ஆளா?"

யார் கண்ணுக்கும் தெரியாமல் அந்த மஞ்சுக்குள் நின்று, இன்னும் சத்தமாகக் கத்தினேன்.