ஒரு விரற்கடை கூடுதல்

எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான அளவில் செருப்பு வாங்கியதாக வரலாறு கிடையாது. வாங்கும்போது பெரிதாக இருக்கும். காலுக்குச் சரியாக வரும் நாளில் வார் அறுந்திருக்கும். பள்ளிச் சீருடையும் அப்படித்தான். முதல் வருடம் நான் சட்டைக்குள் தொலைந்து போவேன், கடைசி வருடம் சட்டை என்னைப் பிடித்து இறுக்கும். வளர்கிற பிள்ளை என்ற ஒரே சொல்லால் எல்லாப் புகாரையும் முடித்துவிடுவார்கள். செருப்பில் இதனால் பெரிய மோசம் ஒன்றும் வந்துவிடாது. ஐஸ் ஸ்கேட்டில் வரும்.

அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து மேலகரம் போகும் வழியில் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தரையில், சக்கரம் வைத்த ஸ்கேட் மாட்டிக்கொண்டு நாங்கள் ஹாக்கி ஆடுவோம். எங்கள் கோச் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். லடாக்கில் இருந்த காலத்தில் உறைந்த ஏரி மேல் ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறார். ஊருக்குத் திரும்பியவர் அந்தக் கிறுக்கை எங்கள் தலையிலும் ஏற்றிவிட்டார். அந்த வருடம் வடக்கே ஒரு பனித்தரை அரங்கத்தில் நடக்கவிருந்த பயிற்சி முகாமுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாமில் தேறினால் மாநில அணியில் இடம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஐஸ் ஸ்கேட் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

செய்தியைக் கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஏட்டி, குத்தாலத்துல இப்ப ஐஸா விழுது?"

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் துபாயில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். அந்த ஊரில்தான் பெரிய மாலுக்குள்ளேயே ஐஸ் தரை இருக்கிறதே, ஸ்கேட்டும் அங்கேயே வாங்கிவிடலாம் என்று முடிவானது. கோச் அம்மாவைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "ஏம்மா, இது சாதாரண ஷூ மாதிரி கெடையாது. எந்திரிச்சு நின்னா பெருவெரல் முன்னால லேசாத் தொடணும். முட்டிய மடக்குனா வெரல் பின்னால வந்துரும், குதிகால் போயிக் குழியில உக்காந்துரும். அதுக்கப்புறம் குதிகால் ஒரு இம்மி கூட ஏறக் கூடாது. அவ போடுத ஷூவ விட ஒரு நம்பர் கம்மியாத்தான் வாங்கணும்."

அம்மா நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என்னைச் சுவரில் குதிகால் ஒட்டி நிற்கச் சொன்னாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் காலடியில் வைத்து ஒடித்தாள். எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பையில் இப்படி ஈர்க்குச்சிகள் போகும். கடைக்காரனின் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஈர்க்கு மாறாது என்பது அம்மாவின் கட்சி. விடுமுறை முடிந்து துபாய் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணனிடம் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே அத்தா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மாலுக்குள், ஐஸ் தரையின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்கேட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் அந்த மாலுக்குள் அவர் போனது அன்றுதான்.

அம்மா பிஸ்மி சொல்லிப் பெட்டியைப் பிரித்தாள். கறுப்பு ஸ்கேட். அடியில் நீளமான இரும்புப் பட்டை, அதற்கு ரப்பர் உறை. நான் காலை உள்ளே விட்டேன். கால் இறங்கவில்லை, விழுந்தது. நாடாவை விரல் சிவக்கும்வரை இழுத்துக் கட்டிவிட்டு, பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஸ்கேட் தரையில் இருந்தது, குதிகால் மட்டும் மேலே எழுந்தது.

"அம்மா, குதிகால் ஆடுது."

"புதுசுல்லா. அப்படித்தான் இருக்கும்."

"புதுசுன்னா கடிக்கும்மா. ஆடாது."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அத்தா வீடியோ காலில் வந்தார். எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "அத்தா, பெருசா இருக்கு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன்.

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "இருக்கும்லா. கடைக்காரன் ஈர்க்கப் பாத்துட்டு ஒரு நம்பர் எடுத்துக் குடுத்தான். ஐஸுக்கு இறுக்கமா இருக்கணும்னு என்னெல்லாமோ சொன்னான். நான்தான், ஒரு வெரக்கடை கூடக் குடுப்பான்னு வாங்குனேன். வளருத புள்ள, ரெண்டு வருசமாச்சும் போட வேண்டாமா?"

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். போனை வைத்தபிறகு மெல்லச் சொன்னாள். "நானும் ஒரு வெரக்கடை கூட்டித்தான் ஒடிச்சேன்."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. மாற்றித் தரச் சொல்லலாம் என்றேன். முகாமுக்கு முன்னால் அங்கே போகிறவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் அம்மா கொடுத்துவிட்டிருக்க மாட்டாள். "அந்த போட்டோவப் பாத்தேல்லா? திருப்பி அனுப்புனா அவுக மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டாள். என் குதிகால் என்ன பாடுபடும் என்று நான் கேட்டேன். அவள் ஸ்கேட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் எந்த வீடும் அந்த வீட்டுக்காரர்களுடையது இல்லை. குற்றாலத்தில் குளிக்கவென்று சொந்தமெல்லாம் வந்து இறங்கும். கொடியெல்லாம் ஈரத் துண்டு, அடுப்பு அணையாது. அந்த வருடம் அருவிக்கு அடுத்தபடியாக எல்லாரும் பார்க்க வந்தது என் ஸ்கேட்டை. ஒருவர் விடாமல் கால் விட்டுப் பார்த்தார்கள். பெரிய மாமாவுக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் கால் எந்த அளவு என்று யாரும் யோசிக்கவில்லை. "ரெண்டு சாக்ஸ் போட்டாச் சரியாப் போவும்" என்றாள் ஒரு மாமி. இன்னொரு மாமி, நுனியில் பஞ்சு அடைக்கலாம் என்றாள். அம்மா பழைய பள்ளிப்பையின் ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே தைத்தாள். ஒவ்வொன்றும் அடைக்க அடைக்க முன்பக்கம் இறுகியது. குதிகால் மட்டும் பழையபடி ஆடியது.

வீட்டுக்குள் ரப்பர் உறையோடு நடந்து பழகினேன். இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சாய்ந்தன. குதிகாலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, அதன் மேல் இன்னொன்று வந்தது. மாடிப்படியில் ஒரு தடவை இடது கால் மடங்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினேன். அந்த மடங்கல் எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேட் நேராகத்தான் நின்றது. உள்ளே என் கால்தான் திரும்பியது. அன்றிலிருந்து அந்தச் சோடி கிடக்கும் மூலையைப் பார்த்தாலே பயமாக இருந்தது. யாரிடம் சொன்னாலும் பெரிய பாக்கியத்தைக் குறை சொல்வதுபோல என்னைப் பார்த்தார்கள்.

விருந்தாளிகளோடு பழைய குற்றால அருவிக்குப் போனபோது குதிகால் புண்ணில் தண்ணீர் பட்டு எரிந்தது. நான் ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. சருகும் சின்னச் சின்னக் குச்சிகளும் விழத் தொடங்கின. மேலே மலையில் மழை, வெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தம். எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் போலீஸ்காரர் விசிலடித்துத் துரத்தும்வரை ஒருவரும் நகரவில்லை, தலையைக் கொடுத்தபடியே நின்றார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணெதிரே தெரிவதை நம்புவதற்கு இவர்களுக்கு விசில் வேண்டியிருக்கிறது.

கோச் அந்த நாட்களில் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னை முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போகக் கூடாது. அவர் கையில் பாதி உள்ளே போனது. கையை எடுத்துவிட்டு, நாடாவை அவரே அவிழ்த்தார்.

"இதப் போட்டு ஆடவே முடியாது. வீட்டுல சொன்னியாட்டி?"

"எல்லார்ட்டயும் சொல்லியாச்சு சார்."

அவர் யோசித்தார். "நீ சொன்னாக் கேக்க மாட்டாங்க. ஐஸுல நின்னு பாத்தாத்தான் அவங்களுக்குப் புரியும். ஒங்கம்மாவயும் கூட்டிட்டு வா. நீ என் தோளப் பிடிச்சுட்டுச் சும்மா நின்னாப் போதும்."

பாவூர்சத்திரம் போகும் சாலையில், மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் பார் போடும் கம்பெனி ஒன்று இருந்தது. கோச்சுக்குத் தெரிந்தவர் அதன் மேனேஜர். உள்ளே போனதும் அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. வெளிச்சம் குறைவு. ஆளுயர ஐஸ் பார்களைத் தரையில் ஒட்டி ஒட்டிப் படுக்கப் போட்டிருந்தார்கள். அவற்றின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்திருந்தார்கள். ஓர் அறை அளவுக்குத் தரை கிடைத்தது. "சட்டுனு முடிச்சிருங்க, உருகிரும்" என்றார் மேனேஜர். இதை அத்தாவும் பார்க்க வேண்டும் என்று அம்மா அவரை வீடியோ காலில் கூப்பிட்டு வைத்திருந்தாள். காலையிலேயே எனக்குத் தெரியாமல் ஸ்கேட்டுக்குள் இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்சையும் திணித்திருந்தாள். மகள் அவர் முன்னால் தடுமாறிவிடக் கூடாதே என்று.

அதனால் நாடா கட்டியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இறுக்கமாக இருந்தது. சரியாகத்தான் இருக்கிறதோ?

கோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டு ஐஸ் மேல் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவை. காலுக்கடியில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. போனுக்குள்ளிருந்து அத்தாவின் குரல் கேட்டது. கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்களையும் கூட்டிவைத்திருந்தார். பின்னால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏம்மா, அவர் தோள விட்டுட்டு நில்லேன். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

"வேண்டாம், கைய எடுக்காத" என்றார் கோச்.

நான் கையை எடுத்தேன். நின்றேன். என் எடையிலேயே ஸ்கேட் மெல்ல முன்னால் நகர்ந்தது. நான் எதுவும் செய்யாமலேயே போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை என்னால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. துபாயில் கை தட்டினார்கள். நான் சிரித்தேன். அம்மா, "மாஷா அல்லா" என்றாள்.

இரண்டு ஐஸ் பார்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் இடது கால் பட்டை இறங்கியது. ஸ்கேட் அங்கேயே நின்றது. உள்ளே கால் திரும்பியது. மாடிப்படியில் பாதியில் நின்ற மடங்கல் இந்தத் தடவை நிற்கவில்லை. சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது, ஏனென்றால் நான் விழுவதற்கு முன்பே அவள் அலறிவிட்டாள்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். முகாமுக்கு என் இடத்தில் வேறொரு பெண் போனாள். டாக்டர், இனி சாதாரணமாக நடக்கலாம் என்றார். ஆடலாமா என்று கேட்டதற்கு ரிப்போர்ட்டைப் பார்த்தார். கோச் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அத்தா கூப்பிட்டார். வெளியே எங்கோ தனியாக நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்யவில்லை. வலிக்குதா, சாப்பிட்டியா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் இருந்தது. அவர் மட்டும் கடைக்காரன் சொன்னதைக் கேட்டிருந்தால், அவர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று ராத்திரி முழுக்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"ஏம்மா..." என்றார். பிறகு போனைப் பார்க்காமல் கீழே பார்த்தார். "அது பெருசா இருந்ததாலயா?"

அம்மா போனைப் பிடித்திருந்தாள்.

"இல்லத்தா" என்றேன். "அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் காலப் பெசகா வச்சுட்டேன்."

அவர் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூச்சு விட்ட சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. பிறகு ஞாபகம் வந்தவராக, "கால் ஆறுனதும் போடலாம் என்னம்மா, பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு" என்றார். சரி என்றேன். அம்மா போனை மேலே தூக்கி, என் கட்டு தெரியாதபடி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.