வலுக்குறைந்த பிடியை நம்பியவர்

"அக்கா போயிட்டாக சார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." ஹாஜிரா மேடத்தின் தம்பி கம்பத்திலிருந்து போன் செய்தபோது நான் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கம்பம் பஸ் எதிரிலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தொண்ணூற்றாறில் ஒரே வாரத்தில் கல்லூரி வேதியியல் துறையில் சேர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். வாயாடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். முதல் மாதமே அந்த நினைப்பை முடித்து வைத்தார் மேடம்.

பாடம் நடத்திக்கொண்டே அவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். சில மூலக்கூறுகள் நம் இரண்டு கைகளைப் போல. அச்சு அசல் ஒன்றாகத் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. மருந்தில் ஒரு கை நோயைத் தீர்த்தால், மறு கை சும்மா கிடக்கும், சில சமயம் கெடுதலும் செய்யும். வேண்டிய கையை மட்டும் உண்டாக்கும் வினையூக்கியைச் செய்வதே அவர் வேலை. பலரும் விலை உயர்ந்த உலோகங்களைத் தேடியபோது இவர் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த விசைகளை நம்பினார்.

"ஒரு பக்கம் பிடிச்சா நழுவிரும் சார். நாலு பக்கமும் லேசாப் பிடிச்சா, அது திரும்ப இடமேது?" என்பார்.

ஆனால் எங்கள் ஊர் வெயிலில் அந்தப் பிடி நிற்கவில்லை. சூடு ஏறினால் மூலக்கூறுகள் உதறிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இரண்டு கையும் பாதிக்குப் பாதி. அடுத்த பரிசீலனைக்குள் முடிவு மாறாவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் வழிகாட்டி. மாற்றினால் அத்தனை வருட உழைப்பும் வீண். குளிரில் இரவு பகலாகக் கலக்க வேண்டும். கல்லூரி ஃப்ரிட்ஜோ மின்சாரம் போனால் தானும் போய்விடும்.

மேடம் சோர்ந்து உட்காரவில்லை. ஓடைப்பட்டியில் திராட்சை வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழம் இல்லாத ஓர் அறையை முதலாளி பெருமாள்சாமி திறந்துவிட்டார். ஜெனரேட்டரும் இருந்தது. குடுவையைக் கலக்கியில் வைத்துவிட்டு நம்பிக்கையோடு திரும்பினோம்.

எடுத்து அளந்தால், மறுபடியும் பாதிக்குப் பாதி! தலைப்பை மாற்றிவிடலாம் என்றேன் நான். அவரோ என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பிப் போய்த் தரையைப் பார்த்தார். நனைந்திருந்தது.

"தண்ணி தெளிச்சீகளா அண்ணே?"

"ஆமா டீச்சரம்மா! திராட்சைக்கு ஈரம் இல்லாட்டி காம்பு காஞ்சிரும்ல. ஒங்க சாமானும் வாடிரக் கூடாதுன்னு நாந்தான் ரெண்டு வேளையும் தெளிக்கச் சொன்னேன்."

காற்றின் ஈரம் தக்கை வழியே உள்ளே போயிருந்தது. வினையூக்கி பிடிக்க வேண்டிய இடங்களையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டது. மேடம் கோபப்படுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தார். "பிடி இருக்கு சார், ஆள்தான் மாறிப்போச்சு" என்றார். பிறகு ஈரத்தை உறிஞ்சும் குழாயைப் பொருத்தி, குடுவையின் வாயை இறுக மூடி மறுபடி வைத்தார். இந்த முறை வேண்டிய கை வந்தது, மற்றது பெயருக்குத்தான் இருந்தது.

பட்டம் வாங்கிய அன்று வாழ்த்தப் போனேன். "குளிர் உள்ளவுகளுக்கு மட்டுந்தானா இது? நம்ம வெயில்லயே பிடிக்கணும்" என்று அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன்; பல வருடம் அதற்காகவே உழைத்தோம். நோய் வந்து படுத்த பிறகும் அவர் விடவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

"வெயில்ல என்ன வந்துச்சு?"

"இன்னும் பாதிக்குப் பாதிதான் மேடம்."

"அப்ப இன்னொரு பிடி வேணும்" என்றவர், போர்வையின் மேல் விரலால் அந்த மூலக்கூறை வரைந்தார். வளையம், அதன் கை, கிளை. ஓரிடத்தில் விரலை ஊன்றி என்னைப் பார்த்தார். பேச மூச்சு இல்லை. நான் தலையாட்டினேன்.

நேற்று கபர்க் குழியில் நானும் ஒரு கை மண் போட்டுவிட்டு வந்தேன். போய் வாருங்கள் மேடம். உங்கள் விரல் நின்ற இடம் எனக்குத் தெரியும். நாளைக் காலை அங்கேதான் தொடங்கப் போகிறேன்.