காலண்டர் தாளில் ஒரு ரசீது

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொழிற்சாலை கட்டுவதாக இருந்தது. இடம் பார்க்க வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஒல்லியானவர். காக்கிச் சட்டையின் முதுகில் உப்புப் பூத்திருந்தது. காரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தலையைச் சொறிந்தார்.

"டீ செலவுக்கு நூறு ரூபா குடுக்கச் சொல்லுங்க சார்."

கூச்சத்தில் அதை 'நுழைவுக் கட்டணம்' என்று மொழிபெயர்த்தேன். பணம் கொடுத்த வெள்ளைக்காரர் ரசீது கேட்டார். வாட்ச்மேன் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, 'ரூபாய் நூறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அது ஃபைலுக்குள் போனது.

பிறகு அனுமதிக்காக ஏறிய ஆபீஸிலெல்லாம் லட்சக்கணக்கில் கேட்டார்கள். ரசீது கேட்டால் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். காலி இடத்துக்கு இன்னும் அவர்தான் காவல். உப்புக்காற்றில் பூட்டு இறுகாமலிருக்க, தேங்காய் எண்ணெய் விட்டுச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உட்காரவே இல்லை.

"மழை மாசத்துல உப்பளத்துல வேலை கெடையாது சார். இந்தக் கம்பெனி வரும்னுதான் எம்பொண்ணு காத்துக்கிட்டு இருந்துச்சு. லஞ்சம் கேட்டதாலதான் போயிட்டாங்கன்றாங்க. அவங்க கையில ஆதாரமா இருக்குறது என் சீட்டு ஒண்ணுதானே?"

'உங்களால் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். லட்சங்கள் கேட்ட அறைகளில் அவர் இல்லை, நான் இருந்தேன். அங்கேயும் அதைக் 'கட்டணம்' என்றுதான் மொழிபெயர்த்தேன்.